மார்க்கத்தை நடுநிலையோடு ஆராய இயலுமா?

 

சென்ற ஆண்டு எங்கள் கடத்தூருக்கு ஒரு மாணவி வந்தார். பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருப்பவர். சகோதர சமயத்தைச் சேர்ந்தவர். தர்மபுரி மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்களில் பிறப்பு முதல் இறப்பு வரை நடைபெறும் வழக்கங்களே அவருடைய ஆய்வுப் பொருள். பெயர் சூட்டுவது, சுன்னத், நிக்காஹ், மய்யித்து, இத்தா என்று ஒரு குறிப்பேடு நிறையக் கேள்விகளோடு வந்திருந்தார். முறைப்படி முத்தவல்லியைச் சந்தித்து அனுமதி கேட்டார்.

அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் இதுவே பேச்சாயிற்று. பெரியவர் ஒருவர் கடுமையாக மறுத்தார். “நம்மைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் என்ன எழுதுவது என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். நாம் தண்ணீர் கொடுத்து அனுப்பினால் போதும்” என்றார். இளைஞர் ஒருவர், “நாம் சொல்லாவிட்டால் வேறு எவரோ சொல்வதை எழுதிக்கொண்டு போவார். அது மட்டும் நமக்கு நல்லதா?” என்று கேட்டார். மஃரிபு பாங்கு சொல்லும் வரை பேசியும் முடிவு ஏற்படவில்லை. கடைசியில் முத்தவல்லி, “ஹஜ்ரத் காலேஜும் படித்தவர். அவரே அந்தப் பிள்ளையிடம் பேசட்டும்” என்று கூறிப் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார். நான் வரலாற்றில் இளங்கலை படித்தவன்தான். ஆனால் கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்து பழகியவனுக்குப் பதில் சொல்லும் இடம் அவ்வளவு வசதியானது அன்று என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அந்த மாணவியுடன் நடந்த உரையாடலைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பெரியவரின் சொல் என் மனத்தில் கிளப்பிவிட்ட கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு மார்க்கத்தை நம்பாதவர் அதை உள்ளபடி அறிய முடியுமா? நம்புகிறவர் அதைச் சார்பின்றி ஆராய முடியுமா? இவ்விரண்டும் இயலாது எனின், மதங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களையெல்லாம் என்ன செய்வது?

எழும்பூரில் அளந்த மூக்குகள்

பெரியவரின் கோபத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தம் உதவியாளர் ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் எழுதினார். 1909-ஆம் ஆண்டு அரசு அச்சகம் அதனை வெளியிட்டது. மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு இனம் பிரிக்க முற்பட்டவர் அவர். அத்தொகுதிகளில் லப்பைகளும் மரைக்காயர்களும் மாப்பிள்ளைமாரும் அகரவரிசையில் மற்றச் சாதிகளுக்கு நடுவே இடம்பெற்றிருக்கின்றனர்.

லப்பை என்ற தலைப்பின்கீழ் அவர் முதலில் எடுத்தாள்வது 1901-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு அறிக்கையை. ஓரளவு தமிழ் வழி வந்த முசல்மான் சாதியார், வணிகம் செய்வோர், வெற்றிலைக் கொடி பயிரிடுவோர் என்பது அதன் சாரம். கல்லூரி நூலகத்தில் இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் சினமும் ஒருசேர வந்தன. கடத்தூர்ச் சந்தையில் வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவன் ஆதலால் சிரிப்பு. கலிமா சொன்ன கூட்டத்தைச் சாதி என்று எழுதிவிட்டாரே என்பதால் சினம்.

ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை எண்ணிப் பார்க்கும்போது சினத்தின் ஒரு பாதி என்னை நோக்கித் திரும்புகிறது. லப்பைமாரும் மரைக்காயர்களும் தமக்குள் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்ற செய்தியும் அங்கே இருக்கிறது. ‘சாதி’ என்ற சொல் அவர் கொண்டுவந்தது. மண உறவு இல்லாமை நாம் வைத்திருந்தது. இன்றும் எங்கள் மாவட்டத்தில் வீட்டில் உருதுப் பேசுவோரும் வீட்டிலும் தமிழே பேசுவோரும் ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். பெண் பார்க்கும்போது மட்டும் ‘அவர்கள் பாஷை வேறு’ என்கின்றனர். தர்ஸ்டன் கண்டது பொய் என்று நான் எவ்வாறு சொல்வேன்?

தவறு எங்கே நேர்ந்தது என்பதை மற்றொரு வெளியார்தாம் எனக்கு விளக்கினார். மேட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். 1972-இல் அவருடைய நூல் வெளிவந்தது. ராவுத்தர், லப்பை, மரைக்காயர், காயலர் என்ற பிரிவுகள் தமிழ் முஸ்லிம்களிடையே உண்டு என்பதை அவரும் எழுதினார். ஆனால் சாதிகளுக்குள் உள்ளதுபோல் மேல் கீழ் என்ற படிநிலை இப்பிரிவுகளுக்குள் இல்லை என்பதையும், வெவ்வேறு ஊர்களிலிருந்து நகரத்திற்கு வந்து சேர்ந்தவர்களிடையே பிரிவின் பெயர் பின்னுக்குப் போய் முஸ்லிம் என்ற அடையாளமே முன்னுக்கு வருகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். தர்ஸ்டனும் நம்பிக்கையாளர் அல்லர், மைன்ஸும் அல்லர். முன்னவர் மூக்கை அளந்தார். பின்னவர் மக்களோடு ஊரில் தங்கிப் பேசிப் பழகினார். வெளியார் என்ற ஒரே பெட்டிக்குள் இருவரையும் அடைப்பது நியாயமாகாது.

தரங்கம்பாடியிலிருந்து போன கையெழுத்துப்படி

நம் தமிழகத்தில் இக்கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். டென்மார்க் மன்னர் அனுப்பிய கிறிஸ்தவப் போதகர். வந்தது மதம் மாற்ற. அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அவர் தமிழ் கற்றார், ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், கற்ற தமிழர்களிடம் கடிதம் மூலமாகக் கேள்விகள் கேட்டுப் பதில் பெற்றார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி முடித்து ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே அவருடைய தலைவராக விளங்கிய ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். போதகர்களை அனுப்பியது புறச்சமயத்தை வேரறுக்கவேயன்றி, அதன் வீண் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் சொன்ன காரணம். சீகன்பால்கு 1719-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அந்த நூல் 154 ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்து, 1867-இல் கெர்மான் என்பவரின் முயற்சியால் சென்னையில் அச்சாயிற்று.

இதில் என்னை வியக்கவைப்பது ஒன்று உண்டு. சீகன்பால்கு நடுநிலையாளர் அல்லர். இந்துக்களின் வழிபாடு தவறானது என்று உறுதியாக நம்பியவர். அப்படியிருந்தும் கிராமத்து அம்மன் கோயில்கள் வரை கேட்டறிந்து எழுதியிருக்கிறார். எதிர்க்க வேண்டுமானாலும் முதலில் அவர்கள் சொல்வதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தொடங்கியவர், தெரிந்துகொள்ளும் பணியிலேயே ஆழ்ந்துவிட்டார். எழுதியவருக்கு எதிரியின் நூலைப் போல் அது அமையவில்லை என்பதை ஃபிராங்கே சரியாகவே மோப்பம் பிடித்துவிட்டார்! நம்மிடையேயும் ஃபிராங்கேக்கள் உண்டு. ‘பிற மதத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பாடம் நடத்துவானேன்?’ என்று என் வகுப்பைப் பற்றியே புகார் வந்ததுண்டு.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். ஹாலந்து நாட்டு ஸ்நூக் ஹுர்க்ரோன்யே 1885-இல் அப்துல் கஃப்பார் என்ற பெயரோடு மக்காவில் சில மாதங்கள் தங்கி, அந்நகரத்து வாழ்க்கையை நுட்பமாகப் பதிவு செய்தார். அவர் எழுதியதில் செய்திப் பிழை காண்பது கடினம். பின்னாளில் அதே அறிவு, கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சு அரசின் ஆலோசகராக அமர்ந்து, ஆச்சே முஸ்லிம்களை அடக்குவதற்கு வழி சொல்லப் பயன்பட்டது. எழுத்து சரியாயிருந்தால் மட்டும் போதாது போலும். அது யார் கைக்குப் போகிறது என்பதும் கேட்கத்தக்கதே. எங்கள் திண்ணைப் பெரியவருக்கு ஸ்நூக்கின் பெயர் தெரியாது. ஆனால் அவருடைய அச்சம் அவரிடமிருந்தும் வந்ததுதான்.

கஸ்னியிலிருந்து வந்தவர்

இனி நம்மவர் ஒருவர். ஹிஜ்ரி 362-இல் (கி.பி. 973) குவாரிஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனி (ரஹ்) அவர்களின் பெயரைப் பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். மஹ்மூதின் குதிரைகள் இந்தியாவிற்குள் புகுந்துகொண்டிருந்த அதே காலத்தில் இவர் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டிருந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். 1030-ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதி முடித்தார்.

அதன் முன்னுரை, எங்கள் மதரஸாவில் பெரிய மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் பகுதி. மனிதர்கள் செய்தி சொல்லும்போது ஏன் பொய் கலக்கிறார்கள் என்று அங்கே அவர் ஆராய்கிறார். தன் கூட்டத்தை உயர்த்த ஒருவன் பொய் சொல்கிறான். பகைவரைத் தாழ்த்த ஒருவன் சொல்கிறான். ஆதாயத்திற்காக ஒருவன், அச்சத்தால் ஒருவன், பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே திருப்பிச் சொல்பவன் ஒருவன். உங்களுக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி சொல்லுங்கள் என்ற கருத்தமைந்த இறைவசனத்தையும் (4:135) அவர் அவ்விடத்தில் நினைவூட்டுகிறார். தாம் எழுதுவது வாதப் போருக்கான நூலன்று, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே வைப்பேன் என்று வாக்களிக்கிறார்.

அந்த வாக்கைக் காத்தாரா? பெரும்பாலும் காத்தார். எனினும் இந்துக்கள் தம் நாட்டைப்போல் நாடில்லை, தம் கல்வியைப்போல் கல்வியில்லை என்று தருக்குடையவர்கள் என அவர் எழுதிய இடத்தில் எரிச்சல் தெரிகிறது. அதே அத்தியாயத்தில், மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தை அழித்து மக்களைத் தூசிபோல் சிதறடித்தன என்றும், முஸ்லிம்கள் மீதுள்ள வெறுப்புக்கு அதுவும் காரணம் என்றும் எழுதுகிறார். கஸ்னியில் இருந்துகொண்டு இதை எழுதியவரின் நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்! அவர்கள் நம் உடையையும் தோற்றத்தையும் காட்டித் தம் குழந்தைகளைப் பயமுறுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்நியரை இகழும் இக்குணம் எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ளதுதான் என்று சேர்த்துக்கொள்கிறார். அவர் இதயத்தில் சார்பு இல்லாமல் இருந்ததில்லை. அது தலைதூக்கும்போதெல்லாம் ஒரு கையால் பிடித்து நிறுத்தினார் என்று மட்டும் சொல்லலாம்.

நம் காலத்துத் தமிழகத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் (1921-2005) கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கியவர். இராமனைத் தெய்வமாக வணங்குவோர் நிறைந்த அவைகளில் தொழுகையாளியான ஒரு முஸ்லிம் கம்பனை விளக்கினார், அவர்களும் செவிமடுத்தனர். அவருக்கு முந்திய தலைமுறையில் சதாவதானி செய்குதம்பிப் பாவலர், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சைவர்களின் வழக்கில் அருட்பாவே என்று வாதிட்டார். இவர்களை ‘உனக்கென்ன தெரியும்?’ என்று அந்தச் சமயத்தார் கேட்கவில்லை. அப்படியிருக்க, நம்மைப் பற்றி எழுதவரும் பிறரை மட்டும் அவ்வாறு கேட்பது முறையா?

தந்தையைப் பற்றிய சாட்சியம்

நம்புகிறவரால் தம் மார்க்கத்தையே தயவு தாட்சண்யமின்றி ஆராய முடியுமா என்ற இரண்டாம் கேள்விக்கு, ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு ஒரு பதில் நன்கு தெரியும். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவர் அலீ இப்னுல் மதீனி (ரஹ்). ஹிஜ்ரி 234-இல் மறைந்தவர். அறிவிப்பாளர்களின் தகுதியை எடைபோடுவதில் அவர் காலத்தில் அவருக்கு நிகரானவர் சிலரே. அவருடைய தந்தையும் ஹதீஸ் அறிவித்தவர். தந்தையின் அறிவிப்புகளை ஏற்கலாமா என்று மாணவர்கள் கேட்டபோது, வேறு எவரிடமாவது கேளுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை. சற்று நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு நிமிர்ந்து, இது தீன் சம்பந்தப்பட்ட விஷயம், என் தந்தை பலவீனமானவர் என்று அறிவித்தார்.

அந்தத் தலைகுனிந்த சில விநாடிகளைத்தான் நான் மாணவர்களிடம் நிறுத்திச் சொல்வது வழக்கம். அவருக்குப் பாசம் இல்லை என்று எவர் சொல்வார்? ஈமான் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஈமான்தான் அவரை அப்படிப் பேசவைத்தது. பற்றில்லாதவனே நியாயமாகப் பேசுவான் என்ற இன்றைய பல்கலைக்கழகங்களின் எண்ணம் முழு உண்மையன்று என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இக்கதையைச் சொல்லி மார்தட்டிக்கொண்டு நின்றுவிடுவதும் நம் வழக்கமாகிவிட்டது. 1950-இல் யோசப் ஷாஹ்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், சட்டம் தொடர்பான ஹதீஸ்கள் பெரும்பாலும் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் புனையப்பட்டவை என்று ஒரு நூல் எழுதினார். மேற்கில் அது வேதவாக்கானது. நம் மேடைகளில் அதற்குச் சாபம் நிறையக் கிடைத்தது. பதில் குறைவாகவே கிடைத்தது. பதில் சொன்னவர் உத்தரப் பிரதேசத்து மவ்வூரில் பிறந்து தேவ்பந்தில் ஓதிய முஸ்தஃபா அஃழமி (ரஹ்). அவர் ஷாஹ்டின் வழிமுறையை ஷாஹ்டின் களத்திலேயே சோதிக்கக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். பழைய கையெழுத்துப் பிரதிகளை ஆதாரமாகக் காட்டி 1966-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இதைவிடச் சுவையான செய்தி இனிமேல்தான். அதே மவ்வூரைச் சேர்ந்த மற்றோர் ஆலிம், ஹபீபுர் ரஹ்மான் அஃழமி (ரஹ்). ஏமன் நாட்டு இமாம் அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) தொகுத்த ‘முஸன்னஃப்’ என்ற பழம்பெரும் தொகுப்பைக் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து ஒப்புநோக்கிச் சீர்செய்தார். 1970-களின் தொடக்கத்தில் 11 தொகுதிகளாக அது பெய்ரூத்தில் அச்சாயிற்று. ஹரால்டு மோட்ஸ்கி என்ற ஜெர்மானியர் அந்தப் பதிப்பை எடுத்துவைத்துக்கொண்டு, அதிலுள்ள அறிவிப்புகள் யாரிடமிருந்து யாருக்கு எந்த அளவில் வந்தன என்று கணக்கிட்டு ஆராய்ந்தார். ஒருவர் புனைந்திருந்தால் கணக்கு இப்படி ஏற்றத்தாழ்வாக அமையாது என்றும், ஷாஹ்டின் முடிவு திருத்தத்திற்குரியது என்றும் 1991-இல் எழுதினார். மோட்ஸ்கி முஸ்லிம் அல்லர். நமக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நாளை வேறோர் அறிவிப்பைப் பற்றி நமக்கு உவப்பில்லாத முடிவை அதே கணக்கு காட்டினால் அதையும் எழுதியிருப்பார். மவ்வூரின் மதரஸா ஆலிம் செய்த பதிப்பு இல்லாமல் அவரால் இந்த வேலையைச் செய்திருக்கவும் முடியாது.

இலங்கையில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒரு துறை உண்டென்பதையே பல்கலைக்கழகங்கள் ஏற்காத காலத்தில், 1953-இல் ஆங்கில நூல் எழுதி அதை நிறுவியவர். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்கே பேராசிரியராக அமர்ந்தவர். வீடுகளில் ராகத்தோடு ஓதப்பட்ட சீறாவையும் மாலைகளையும் ஆராய்ச்சி மேசைக்குக் கொண்டுவந்தது ஒரு நம்பிக்கையாளரின் கைதான்.

அடுப்படியில் சொன்னது

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித், லாகூரில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். ஒரு மதத்தைப் பற்றி வெளியார் சொல்லும் சொல், அந்த மதத்தார் ‘ஆம், இது நாங்கள்தாம்’ என்று ஏற்கும்படி இருந்தாலன்றிச் செல்லாது என்ற கருத்தை 1959-இல் முன்வைத்தார். நெடுநாள் இதை நான் பொன்போல் போற்றிவந்தேன். அந்த மாணவி வந்துபோன பிறகு எனக்கு இதிலும் ஐயம் உண்டாகிவிட்டது.

அவரை என் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். மஹர் பற்றிக் கேட்டார். மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமை அது என்று விளக்கினேன். “வரதட்சணை உண்டா ஐயா?” என்று கேட்டார். “இஸ்லாத்தில் வரதட்சணை இல்லையம்மா” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தொலைபேசியில் பதிவும் செய்துகொண்டார். தெளிவாகப் பதில் சொல்லிவிட்ட நிறைவோடு நான் தொழுகைக்குப் புறப்பட்டேன். பெண்களிடமும் கேட்கலாமா என்றார். “தாராளமாக” என்று உள்ளே அனுப்பிவிட்டுப் போனேன்.

நான்கு மாதம் கழித்து, தட்டச்சு செய்த ஓர் அத்தியாயம் தபாலில் வந்தது. பிழையிருந்தால் திருத்தித் தருமாறு பணிவோடு கடிதம் வைத்திருந்தார். படித்தேன். என் பெயரைப் போடாமல், ‘மார்க்க ஆசிரியர் ஒருவர்’ வரதட்சணை இல்லை என்று கூறியதை எழுதியிருந்தார். அடுத்த பத்தியில், ‘அதே வீட்டுப் பெண்மணி’ தம் மூத்த மகளின் நிக்காஹுக்குப் பதினைந்து பவுன் நகையும் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளும் கொடுத்ததாகவும், அதற்காக ஊர்க்காட்டு நிலத்தில் அரை ஏக்கர் விற்றதாகவும் கூறியது இருந்தது. கருத்துரை ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. விருந்தோம்பிய வீட்டையே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். திண்ணைப் பெரியவர் சொன்னது பலித்துவிட்டதே என்றும் தோன்றியது. முத்தவல்லியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி எழுதிவிடுங்கள் ஹஜ்ரத். ஜமாஅத்துக்கே கெட்ட பெயர்” என்றார். ஸ்மித்தின் அளவுகோலின்படி பார்த்தால் எனக்கு அந்த உரிமை உண்டு. ‘இது நாங்கள் அல்லர்’ என்று நான் எழுதினால் அவர் அந்தப் பத்தியை எடுத்துவிடவும் கூடும்.

எழுத உட்கார்ந்தேன். எதைப் பொய் என்று எழுதுவது? நான் அவருக்குச் சொன்னது மார்க்கம். அவர் கேட்டதோ எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பது. ஜும்ஆ மேடையில் கைக்கூலி ஹராம் என்று நானே பேசியிருக்கிறேன். பேசிய அதே ஆண்டில் நிலத்தை விற்றேன். கொடுக்காவிட்டால் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாற்று மதத்தைச் சேர்ந்த இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி எழுதியதில் அது வெளிவந்தபோதுதான், அந்த விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளை நான் எவரிடமும் சொன்னதில்லை என்பதே எனக்கு உறைத்தது.

ஆயினும் அவர் எழுதியதெல்லாம் சரியாக இருக்கவில்லை. கணவனை இழந்த பெண் நாற்பது நாள் இத்தா இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். நாற்பதாம் நாள் பாத்திஹாவையும் இத்தாவையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் என்பது குர்ஆனிலேயே (2:234) உள்ளது. எங்கள் தெருப் பெண்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கந்தூரியை ஊரிலுள்ள எல்லாரும் ஒருமனமாக நடத்துவதாகவும் இருந்தது. அதில் எங்களுக்குள் எவ்வளவு சச்சரவு என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை; நானும்தான். இவ்விரண்டு இடங்களிலும் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்து, இத்தாவுக்கு வசன எண்ணையும், கந்தூரிக்கு இரு தரப்பாரும் சொல்வதை நான்கு வரியிலும் எழுதினேன். நகைப் பத்தியில் கை வைக்கவில்லை.

கவரை ஒட்டுவதற்கு முன் என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் சொன்னதை அடித்துவிட்டீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எங்கே, படித்துக் காட்டுங்கள்” என்றார். படித்தேன். கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பதினைந்து என்றா எழுதியிருக்கிறது? நிக்காஹ் அன்றைக்குப் போட்டது பதினைந்து. பேரப்பிள்ளை பிறந்தபோது கேட்டு வாங்கினார்களே, அந்த இரண்டு பவுனை நான் அந்தப் பிள்ளையிடம் சொல்ல மறந்துவிட்டேன். அதையும் சேர்த்து எழுதுங்கள்.”

சிவப்புப் பேனாவின் மூடியை மறுபடி கழற்றினேன்.